நாலாம் கவுண்டருக்கு ஒரு கையெழுத்து

புவெப்லா,
14 நவம்பர் 2022

தங்கை ஒத்தீலியாவுக்கு,

உருளைக்கிழங்கு இரண்டு கிலோ. அவகாடோ ஐந்து, அதில் ஒன்று அமுங்கியிருந்தது, நீ எடுத்துப் பார்த்து முகம் சுளித்துவிட்டு மறுபடி வைத்தாய். செண்டுமல்லி இரண்டு கட்டு. ஊதா மெழுகுவர்த்தி ஒரு டஜன். கல்லறைத் திருநாள் ரொட்டி நான்கு, எள் தூவியது மூன்று, சர்க்கரை தூவியது ஒன்று. பாத்திரம் தேய்க்கும் சோப்பு. முட்டை முப்பது. உன் சம்பந்தியம்மாவுக்கு உப்பில்லாத பாலாடைக்கட்டி. கடைசியாக ஒரு பத்துப் பெசோ நாணயம். அது பைக்குள் போகவில்லை, என் கைக்குள் வந்தது.

“ரொம்ப நன்றி பெரியவரே” என்றாய்.

அக்டோபர் இருபத்தொன்பது, சனிக்கிழமை, பகல் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால். கண்ணாடி போட்டிருந்தாய். ஆகவே சரியாகத் தெரியவில்லை என்று சொல்ல வழியில்லை. நீ யார் வீட்டுக்கு வந்திருந்தாயோ, இந்த ஊர்க்காரரான உன் சம்பந்தி தோன்யா எல்வீரா, பக்கத்தில் நின்றிருந்தார். சொந்த அண்ணன் கையில் டிப்ஸ் வைத்துவிட்டு டிராலியைத் தள்ளிக்கொண்டு போனாய். அந்தக் காசைத் திருப்பி அனுப்பப்போவதில்லை. அன்று சாயங்காலம் அதில் பட்டை போட்ட காபி குடித்தேன். நன்றாகவே இருந்தது.

இதை எழுதுகிறவள் என் பக்கத்து ஐந்தாம் கவுண்டரில், என்னைப் போலவே வாங்க வருகிறவர்களுக்குப் பை அடுக்கும் காசில்தா. கோர்ட்டில் முப்பது வருஷம் டைப் அடித்தவள். நான் சொல்வதை மாற்றாமல் எழுதுவதாகச் சத்தியம் செய்திருக்கிறாள். எனக்கு எழுத்துத் தெரியாதுதான். ஆனால் திரும்பப் படித்துக் காட்டும்போது ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் பிடித்துவிடுவேன், அது அவளுக்கும் தெரியும். போனில் பேசலாமே என்பாய். போனில் நீ அழுவாய், நான் கத்துவேன், பிறகு இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசி வைத்துவிடுவோம். இது அப்படி முடிக்கிற விஷயம் இல்லை.

விஷயம் இதுதான். தொற்றுநோய்க்காக இரண்டு வருஷம் வீட்டுக்கு அனுப்பிய எங்களைச் செப்டம்பரில் திரும்பக் கூப்பிட்டார்கள். இப்போது புது மேனேஜர் வந்திருக்கிறார், பர்ரகான் என்று பெயர், முப்பது வயசு இருக்கும். எழுபது தாண்டிய ஒவ்வொருவரும் சொந்தக்காரர் ஒருவரிடம் பொறுப்புக் கடிதம் வாங்கி வர வேண்டுமாம். “இவர் என் உறவினர், இங்கே விழுந்தாலோ மயங்கினாலோ நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்” என்று எழுதிய தாள். ஜனவரி முப்பத்தொன்றுக்குள் கொடுக்காவிட்டால் ஏப்ரனைக் கழற்றிவிட வேண்டியதுதான். என் மனைவி போய் ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. எனக்கு என்று இருப்பவள் நீ ஒருத்தி. தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு.

உன் அண்ணன்,
ஃபௌஸ்தினோ


கெரேத்தாரோ,
26 நவம்பர் 2022

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மரிபெல்தான் வாங்கி வைத்தாள். “யாருங்க அத்தை, இந்தக் காலத்துல லெட்டர் போடறது?” என்று கேட்டாள். மின்சார வாரியம் என்று சொல்லிவிட்டேன். மருமகளிடம் பொய் சொல்ல வைத்துவிட்டீர்கள்.

அன்றைக்கு நான் என்ன செய்திருக்க வேண்டும்? “சம்பந்தி, இவர்தான் எங்க அண்ணன், முட்டையைப் பாத்து வைப்பார்” என்று அறிமுகப்படுத்தியிருக்க வேண்டுமா? நீங்கள் வர முடியாமல் போன என் மகன் ரொகேலியோ கல்யாணத்தின்போது எல்வீரா கேட்டார், உங்கள் அண்ணன் என்ன வேலை என்று. பெரிய கம்பெனியில் நிர்வாகத்தில் இருக்கிறார் என்று சொல்லியிருந்தேன். நீங்கள் ஊருக்குள் சந்தைப் பக்கத்துக் கடையில் இருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். அந்தப் பணக்காரப் பேட்டைக் கடைக்கு எப்போது மாறினீர்கள்? எனக்கு ஒரு வார்த்தை சொன்னீர்களா? டிராலியைத் தள்ளிக்கொண்டு திரும்பினால் எதிரே நீங்கள், பச்சை ஏப்ரனும் தொப்பியுமாக. என் கை தானாகப் பர்சுக்குப் போய்விட்டது. வேறொன்றும் தோன்றவில்லை.

இதுவும் ஒரு வேலையா? சம்பளம் கிடையாது. வருகிறவர்கள் போட்டால் உண்டு, போடாவிட்டால் இல்லை. ஏப்ரன்கூட உங்கள் செலவு. முன்பெல்லாம் சின்னப் பையன்கள் செய்த வேலை, அவர்களைத்தானே தீக்குச்சி என்று கூப்பிடுவார்கள்? எழுபத்திநாலு வயதில் நீங்கள் தீக்குச்சியா?

இன்னொன்று. உங்களுக்குப் படிக்கத் தெரியாது. யார் பையிலாவது எலி மருந்தைச் சர்க்கரையோடு சேர்த்துப் போட்டுவிட்டால்? பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டவள் நான்தானே வந்து நிற்க வேண்டும்?

இங்கே மாடியில் ஒரு அறை சும்மா கிடக்கிறது. காலை வெயில் நன்றாக விழும். ரொகேலியோ டிவி மாட்டித் தருகிறேன் என்கிறான். வந்துவிடுங்கள். கையெழுத்துக்கு அவசியமே இராது.

காசில்தா என்பவர் யார்? விதவையா?

ஒத்தீலியா


புவெப்லா,
5 டிசம்பர் 2022

ஒத்தீலியா,

‘நீங்கள்’ போட்டு எழுதியிருக்கிறாய். சரி, கோபம் உனக்குத்தான் என்று வைத்துக்கொள்வோம், கோபப்பட வேண்டியவன் நான். ஆள் மாறிவிட்டது போலிருக்கிறது.

காசில்தா விதவை. அறுபத்தொன்பது வயசு. ‘இந்தக் கேள்விக்கு இவ்வளவு பதில் போதும்’ என்று அவளே சொல்லி அவளே எழுதிக்கொண்டாள்.

எலி மருந்து பற்றிக் கேட்டாய். மொத்தச் சந்தையில் நாற்பது வருஷம் மூட்டை தூக்கியவனுக்கு எடை கையில் தெரியும், சரக்கு மூக்கில் தெரியும். சோப்புத்தூள் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். ஒரே ஒரு தப்பு நடந்தது, அதை மறைக்க மாட்டேன். குழந்தைகள் சாப்பிடும் தானியப் பெட்டிகளில் கரடி, முயல், புலி எல்லாம் இருந்ததே, சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். இப்போது சர்க்கரை அதிகம் என்று எச்சரிக்கும் கறுப்பு எண்கோண முத்திரைதான். படிக்கத் தெரிந்தவர்களுக்கு நஷ்டமில்லை. நான் விலங்கைப் பார்த்துத்தான் பெட்டியை அடையாளம் வைத்திருந்தேன். திரும்பி வந்த முதல் வாரம், நாய் படம் போட்ட பெட்டி ஒன்று வந்தது. பரவாயில்லை, ஒரு விலங்கையாவது விட்டுவைத்திருக்கிறார்களே என்று குழந்தையின் பால் டப்பாவோடு சேர்த்து அடுக்கினேன். அந்த அம்மா பார்த்துவிட்டு, “தாத்தா, என் பையன் இன்னும் குரைக்க ஆரம்பிக்கல” என்றாள். சிரித்தோம். அதற்குப் பிறகு எந்தப் பெட்டியையும் குலுக்கிப் பார்க்காமல் போடுவதில்லை.

சின்னப் பையன் வேலை என்றாய். போன வியாழக்கிழமை நடந்ததைக் கேள், எந்தப் பையன் இதைச் செய்திருப்பான் என்று பிறகு சொல்.

ஐம்பத்தைந்து, அறுபது வயசு அம்மா ஒருத்தி கறுப்பு உடையில் வந்தாள். டிராலியில் அரிசி, தக்காளி, அரை டஜன் முட்டை, தோளில் ஒரு துணிப்பை. ஆள் இல்லாமல் தானே பில் போடும் இயந்திரம் நான்கு வைத்திருக்கிறார்கள் இல்லையா, அங்கே போனாள். துணிப்பையைத் தட்டில் வைத்ததும் இயந்திரம் கத்த ஆரம்பித்தது: “பையில் அறியாத பொருள் உள்ளது. அகற்றவும். பையில் அறியாத பொருள் உள்ளது.”

“அறியாத பொருளா!” என்று அம்மா அதை ஒரு அடி அடித்தாள். “முப்பத்தெட்டு வருஷம் என்கூட குடித்தனம் பண்ணின மனுஷன்டி!”

கணவனின் சாம்பல். தகனம் செய்யும் இடத்தில் மரப்பெட்டியில் கொடுத்திருக்கிறார்கள், வீட்டில் அரிசி இல்லை என்று ஞாபகம் வந்திருக்கிறது, வழியில் கடைக்குள் நுழைந்துவிட்டாள். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் போய் டிராலியை என் கவுண்டருக்கு இழுத்து வந்தேன். கேஷியர் பெர்லா பழக்கதோஷத்தில் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “பார்கோடு எங்கம்மா இருக்கு இதுல?” என்றாள். நான் அவள் காலை மிதித்தேன்.

“இவரை எங்க வைக்கட்டும் அம்மா?” என்று கேட்டேன்.

“மேலதான். கீழ இருந்து பழக்கமில்ல அவருக்கு.”

“முட்டைக்கு மேல வெச்சா உடையும். தனிப் பை போடட்டுமா?”

“தனியாவா?” கொஞ்சம் யோசித்தாள். “அரிசியோட போடுங்க. தக்காளி வேண்டாம், புளிப்பு ஆகாது.”

அரிசியைக் கீழே படுக்கவைத்து, அதன்மேல் பெட்டியை ஆடாமல் உட்காரவைத்து, பக்கத்தில் ரொட்டி வாங்கும் காகிதப் பையை மடித்துச் செருகிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவள், “காலையிலேருந்து இத்தன ஆபீஸ் ஏறி இறங்கினேன். இவரை எங்க வைக்கறதுன்னு ஒருத்தரும் கேக்கல” என்றாள்.

மாடி அறை வேண்டாம். வெயில் எனக்கு இங்கேயும் விழுகிறது. தாளை அனுப்பு.

ஃபௌஸ்தினோ


கெரேத்தாரோ,
19 டிசம்பர் 2022

அண்ணா,

அந்தத் தக்காளி விஷயத்தைப் படித்துவிட்டுச் சமையலறையில் தனியாகச் சிரித்தேன். மரிபெல் எட்டிப் பார்த்தாள். மின்சார வாரியம் இவ்வளவு வேடிக்கையாக எழுதுமா என்று நினைத்திருப்பாள்.

சிரித்தேன் என்பதற்காகக் கையெழுத்து வருகிறது என்று நினைக்காதே.

உன் கடிதத்துக்குப் பிறகு இங்கே எங்கள் பேட்டை சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். சாமான் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. இந்த வேலை எவ்வளவு கேவலம் என்று கிட்டே நின்று பார்த்து உனக்கு எழுதலாம் என்றுதான் போனேன். இலாரியோ என்று ஒரு பெரியவர். சூடான தொர்த்தியா ரொட்டியைத் துணி சோப்போடு ஒரே பையில் போட்டார். முலாம்பழத்தை முட்டை மேல் வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஐயா, அந்தம்மா வீட்டுல இன்னிக்கி சோப்பு நாத்தத்தோடதான் சாப்பிடணும்” என்று சொல்லியேவிட்டேன். “அப்ப நீங்களே அடுக்குங்களேன் மகாராணி” என்றார். நான் வெளியே வந்துவிட்டேன். மறுநாளும் போனேன், அவர் திருந்தினாரா என்று பார்க்க. திருந்தவில்லை.

கிறிஸ்துமஸுக்கு எல்வீரா இங்கே வருகிறார். அவர் மேஜையில் உட்கார்ந்து உன்னைப் பற்றிக் கேட்டால் நான் என்ன சொல்வது என்று யோசித்துத் தூக்கம் கெட்டுப்போகிறது. ஆகவே ஒரு யோசனை. நீ மறுபடி பழைய கடைக்கே போய்விடு. எல்வீரா அங்கே காலடி வைக்க மாட்டார். அப்படிப் போனால் நாளைக்கே கையெழுத்துப் போடுகிறேன். இதைவிட நான் இறங்கி வர முடியாது.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். ஒரு போர்வை அனுப்பியிருக்கிறேன். காசில்தாவுக்கு இல்லை, உனக்கு.

ஒத்தீலியா


புவெப்லா,
8 ஜனவரி 2023

ஒத்தீலியா,

போர்வை வந்தது. நல்ல கனம். யோசனையும் வந்தது, அது வேண்டாம்.

பழைய கடையில் இப்போது பை அடுக்க ஆளே வைப்பதில்லை, எல்லாம் இயந்திரம். வைத்தாலும் போக மாட்டேன். நான் ஒளிந்துகொண்டால்தான் நீ என் தங்கை என்றால், அந்தத் தாளில் ‘உறவு’ என்று ஒரு கட்டம் இருக்கிறதாமே, அதில் என்னவென்று எழுதுவாய்?

கிறிஸ்துமஸில் எல்வீரா அம்மா என்னைப் பற்றிக் கேட்டாரா? நீ எழுதவில்லை. கேட்டிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். சனிக்கிழமைதோறும் என் கவுண்டருக்குத்தான் வருகிறார், மற்ற கவுண்டர் காலியாக இருந்தாலும். மரியாதையான மனுஷி. உப்பில்லாத பாலாடைக்கட்டியை மட்டும் தனியாகக் கேட்பார்.

இங்கே மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முந்தின நாள் ஒரு கூத்து. கடை முழுக்க வளைய ரொட்டி மலைபோல் அடுக்கியிருந்தது. நல்ல கோட்டுப் போட்ட ஒரு ஆள் பெட்டி பெட்டியாகத் திறந்து குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். காவலாளி போய்ப் பிடித்தால், கையில் கம்பளி பின்னும் ஊசி! ரொட்டிக்குள் பொம்மை எங்கே இருக்கிறது என்று குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“மூணு வருஷமா பொம்மை என் துண்டுலதான் வருது சார்!” என்று அழாத குறை. “பொம்மை வந்தவன்தான் போடணும்னு மூணு வருஷமா முப்பத்திரண்டு பேருக்கு நான்தான் தமால் கொழுக்கட்டை விருந்து போடறேன். இந்த வருஷம் எந்தப் பக்கம் வெட்டக் கூடாதுன்னு தெரிஞ்சுட்டு வாங்கலாம்னு…”

மேனேஜர் பர்ரகான் விதிப் புத்தகத்தில் தேடுகிற முகத்தோடு நின்றார். அதில் ஊசியைப் பற்றி ஒன்றும் இருந்திருக்காது. நான் என் கவுண்டரில் இருந்தே சொன்னேன்: “குத்தின ரொட்டி குத்தினவருக்கு.” சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். எண்ணிப் பார்த்தால் ஒன்பது பெட்டி. அதற்குள் அவர் மனைவி வந்துவிட்டாள். “வீட்டுல ஊசியக் காணோம்னு ரெண்டு மணி நேரமா தேடறேன், இங்க கொண்டாந்து ரொட்டிக்கு ஸ்வெட்டர் பின்றியா?” ஒன்பது பெட்டியையும் நான்தான் அடுக்கிக் கொடுத்தேன். ஒரு ரொட்டிக்கு மூன்று பொம்மை. அந்த ஆள் வீட்டுக்கு இருபத்தேழு பொம்மையோடு போனார்.

பர்ரகான் பிறகு என்னிடம் வந்து, “தோன் ஃபௌஸ்தினோ, உங்க தாள் ஒண்ணுதான் பாக்கி” என்றார். “தங்கச்சி அனுப்புவா” என்றேன். “ரெண்டு மாசமா இதையேதான் சொல்றீங்க” என்றார். “ரெண்டு மாசமா அதுதான் உண்மை” என்றேன்.

ஃபௌஸ்தினோ


கெரேத்தாரோ,
17 ஜனவரி 2023

அண்ணா,

இந்த வீட்டு ரொட்டியில் பொம்மை எனக்குத்தான் வந்தது. பிப்ரவரி இரண்டாம் தேதி எல்லோருக்கும் தமால் நான் செய்ய வேண்டும். அதற்குச் சோளமாவும் பன்றிக்கொழுப்பும் வாங்கப் போனபோது கவுண்டரில் இலாரியோ இல்லை. இடுப்புப் பிடிப்பாம். என் சாமானை நானே அடுக்கினேன். எனக்குப் பின்னால் ஒரு பெண், இடுப்பில் ஒரு குழந்தை, டிராலியில் ஒன்று. அவளுடையதையும் அடுக்கினேன். அதற்குப் பின்னால் ஒருவர் தன் பையை என் முன்னால் வைத்துவிட்டு நின்றார், நான்தான் ஆள் என்று நினைத்து. நான் ‘இல்லை’ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கை அடுக்க ஆரம்பித்துவிட்டது. நேரம் போனதே தெரியவில்லை. கேஷியர், “நாளைக்கும் வருவீங்களாம்மா?” என்றாள்.

வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. உனக்குத்தான் சொல்கிறேன்.

உன் தாள் என் அலமாரியில், துண்டுகளுக்கு அடியில் இருக்கிறது. இரண்டு தடவை எடுத்துப் பேனாவைத் திறந்தேன். ரொகேலியோவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். “மாமா அங்க விழுந்தா நம்ம தலைலதான் விழும்மா, வேண்டாம்” என்றான். எனக்குப் பயம் அது இல்லை. நீ விழமாட்டாய் என்று தெரியும். அந்தத் தாளோடு என் அடையாள அட்டை நகல் வைக்க வேண்டும். நகல் மேனேஜர் கோப்பில் இருக்கும். நாளைக்கு யாராவது எடுத்துப் பார்த்தால், எல்வீரா காதுக்குப் போனால், பத்து வருஷமாக நான் சொன்னது எல்லாம் பொய் என்று ஆகிவிடும். அவர் என்னை எப்படிப் பார்ப்பார்? இந்த வீட்டில் எனக்கு இருக்கிற மரியாதை அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, அது உனக்குப் புரியாது.

கேட்டாயே: கிறிஸ்துமஸில் அவர் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இன்னும் கொஞ்ச நாள் கொடு.

ஒத்தீலியா


புவெப்லா,
22 ஜனவரி 2023

ஒத்தீலியா,

கொஞ்ச நாள் என் கையில் இல்லை. ஒன்பது நாள்தான் இருக்கிறது. ஆனால் கடிதம் அதற்காக இல்லை. நேற்றுச் சனிக்கிழமை நடந்ததை நீ என்னிடம் இருந்துதான் கேட்க வேண்டும்.

எல்வீரா அம்மா வந்தார். பாலாடைக்கட்டி, கோழி, முட்டை. பெர்லா பில் போட்டு முடித்த பிறகும் நகரவில்லை.

“தோன் ஃபௌஸ்தினோ, உங்க தங்கச்சி பேரு ஒத்தீலியாதானே?”

“முட்டைய மேல வைக்கறேன் அம்மா” என்றேன்.

“மழுப்பாதீங்க. அன்னிக்கே தெரியும் எனக்கு. பை முடிச்சுப் போடறப்போ ரெண்டு பேரும் நாக்கு நுனிய வெளிய நீட்டிக்கறீங்க. அவ வீட்டுல எத்தன தடவ பாத்திருக்கேன்! அவ உங்களுக்குக் காசு குடுத்தப்போ எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஏதோ அண்ணன் தங்கச்சி சண்டை போலிருக்குன்னு விட்டுட்டேன்.”

“கிறிஸ்துமஸ்ல ஏன் கேக்கல?”

“அவளே சொல்லட்டும்னுதான். பேச்சு உங்க பக்கம் திரும்பும்போதெல்லாம் அடுப்பப் பாக்க ஓடிடறா. அன்னிக்கி வான்கோழி ரெண்டு தடவ வெந்துச்சு.” பிறகு கையை நீட்டினார். “பெர்லா எல்லாத்தையும் சொல்லிட்டா. அந்தத் தாளைக் குடுங்க. நான் போடறேன். சம்பந்தின்னா சொந்தம் இல்லையா?”

பர்ரகான் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். “செல்லும், செல்லும்” என்று பாக்கெட்டிலிருந்து புதுத் தாளே எடுத்துவிட்டார். அந்த அம்மா பேனாவையும் திறந்தாயிற்று.

நான் வேண்டாம் என்றேன்.

“பெரிய மனசு அம்மா, நான் மறக்க மாட்டேன். ஆனா என் தங்கச்சி போடுவா. அவ போடலன்னா இந்த ஏப்ரனை நானே கழட்டிக் குடுத்துட்டுப் போறேன்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று காசில்தா என்னைக் கேட்டுக்கொண்டே எழுதுகிறாள். “கிழவா, கைல வந்ததத் தள்ளிவிட்டுட்டு இப்ப லெட்டரா எழுதற?” என்கிறாள். எனக்கு விளக்கத் தெரியவில்லை. ஒரு கையெழுத்துத்தான் வேண்டும் என்றால் தெருமுனையில் செருப்புத் தைக்கிறவர் போட்டுக் கொடுப்பார். நான் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உன் பெயர் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இனி யாருக்கும் பயப்பட உனக்கு ஒன்றும் இல்லை. அவருக்கு எல்லாம் தெரியும். இனிமேல் போடாவிட்டால் அது நீயாகப் போடாததுதான்.

செவ்வாய்க்கிழமை முப்பத்தொன்று.

ஃபௌஸ்தினோ


கெரேத்தாரோ,
27 ஜனவரி 2023

அண்ணா,

தபாலை நம்பவில்லை. இதை நேரே பஸ் நிலையத்துப் பார்சலில் கொடுக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் கையில் இருக்கும். தாள், அடையாள அட்டை நகல், என் போன் நம்பர், எல்லாம் உள்ளே. ‘உறவு’ கட்டத்தில் ‘தங்கை, உடன்பிறந்தவள்’ என்று எழுதியிருக்கிறேன். இடம் பத்தவில்லை, ஓரத்தில் ஏறிவிட்டது. பரவாயில்லை, படிக்கும்படிதான் இருக்கிறது.

உன் கடிதம் வந்ததும் எல்வீராவுக்குப் போன் செய்தேன்.

“ஏன் சம்பந்தி எங்கிட்ட சொல்லல?” என்றேன்.

“நீங்க ஏன் எங்கிட்ட சொல்லல?” என்றார்.

பிறகு அவர் சொன்னார், அவருடைய அப்பா பஸ் நிலையத்தில் கழிப்பறை வாசலில் உட்கார்ந்து, காசு வாங்கிக்கொண்டு துடைக்கக் காகிதம் கொடுத்தவராம். எங்களிடம் போக்குவரத்துத் துறை என்று சொல்லியிருந்தார். ஒரு குடும்பம் நிர்வாகத்தில், ஒரு குடும்பம் போக்குவரத்தில். நல்ல சம்பந்தம்தான் செய்திருக்கிறோம்.

உறையில் இரண்டாவதாக ஒரு தாள் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத் தவறி வந்தது என்று நினைக்காதே.

இலாரியோவின் இடுப்பு சரியாகவில்லை. பத்து நாளாக அந்தக் கவுண்டரில் நான்தான். இங்கே மேனேஜர் ஒரு பெண். “உங்களுக்கு அறுபத்தாறுன்னா யாரும்மா நம்புவா? ஏப்ரன் அளவு சொல்லுங்க” என்றாள். ஆனால் இங்கேயும் அதே தாள்தான் கேட்கிறார்கள், வயசு வித்தியாசம் இல்லாமல். ரொகேலியோ முன்னால் நீட்டினேன். “அம்மா, என் ஆபீஸ்காரங்க எல்லாம் அங்கதான் சாமான் வாங்கறாங்க! கேட்டா நான் என்னன்னு சொல்வேன்? வீட்டுல உனக்கு என்ன குறை? டிவி மாட்டித் தரேன்” என்றான். அவன் சொல்லச் சொல்ல எனக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கே என்று உனக்குத் தெரியும். அவனிடம் கோபித்துக்கொள்ளக்கூட எனக்கு வாய் இல்லை.

எனக்குக் கையெழுத்துப் போட வேறு யாரும் இல்லை அண்ணா. உனக்கு எழுதத் தெரியாது என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். பெருவிரல் ரேகை போதுமாம்.

போடுவாயா?

ஒத்தீலியா


புவெப்லா,
1 பிப்ரவரி 2023

தங்கச்சி,

பார்சல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே வந்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகப் பர்ரகான் மேஜையில் வைத்தேன். இரண்டு தடவை படித்தார். “உறவு கட்டத்துக்கு வெளிய எழுதியிருக்காங்களே” என்றார். “அவ அப்படித்தான்” என்றேன். முத்திரை குத்தினார். நாலாம் கவுண்டர் என்னுடையது. நேற்று முழுநாள் நின்றேன், இன்றும் நின்றேன்.

உன் தாளைக் காசில்தா எனக்கு உரக்கப் படித்தாள். விழுந்தால் நான் பொறுப்பு, மயங்கினால் நான் பொறுப்பு, உடம்புக்கு முடியாமல் போனால் வந்து அழைத்துப்போகும் பொறுப்பும் என்னுடையது. எல்லாவற்றுக்கும் சரி. கெரேத்தாரோவுக்கு நாலு மணி நேர பஸ்தானே, வருவேன். ஆனால் அதில் ஒன்று விட்டுப்போயிருந்தது, அதைக் காசில்தாவைக் கீழே சேர்த்து எழுத வைத்திருக்கிறேன்: ‘அடுக்கத் தெரியாத மற்ற பெரியவர்களோடு இவள் சண்டை போட்டால், அதற்கு நான் பொறுப்பில்லை.’ கோர்ட்டுப் பாஷையில் அழகாக எழுதியிருக்கிறாள். மேனேஜர் அம்மா சிரித்தால் நல்லவள் என்று வைத்துக்கொள்.

இலாரியோவின் இடுப்புக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொல். பாவம், அவரும் நின்று வேலை பார்க்கிறவர்தான்.

முதல் நாள் காலில் வலித்திருக்கும். இரண்டாம் நாள் தோளில். இனி ஒரு நாள் யாராவது ஒருவர் எதையாவது கொண்டுவந்து இதை எங்கே வைப்பது என்று உன் முகத்தைப் பார்ப்பார். அப்போது அவசரப்படாதே, அவரையே கேள்.

இன்று காலையில் கடை திறக்குமுன் அலுவலக அறையில் மைப்பெட்டி வாங்கி, இடது பெருவிரலை நன்றாக உருட்டி, உன் பெயருக்குக் கீழே அழுத்தினேன். ஒரு வரி கலங்கவில்லை. துடைத்துக்கொள்ளத் துணி கொடுத்தார்கள், நேரமாகிவிட்டது, வாங்காமல் வந்துவிட்டேன். நாளைக்குத் தமால் திருநாள் இல்லையா, மாவு வாங்க ஊரே திரண்டிருந்தது. இன்று நாலாம் கவுண்டர் வழியாகப் போன மாவுப் பொட்டலம் ஒவ்வொன்றிலும் என் விரல் நீலமாக இருக்கிறது.

உனக்குப் பொறுப்பான,
ஃபௌஸ்தினோ